தாம்பரத்துச் சோறு: அன்றும் இன்றும்

தாம்பரம் ரயில் நிலையத்தின் கிழக்குப் பக்கம் இறங்கி, வேளச்சேரி சாலையில் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என்று போகிறவர்கள் கண்ணில் 'இயற்கை அங்காடி', 'மரச்செக்கு எண்ணெய்', 'ஆர்கானிக்' என்ற பலகைகள் படாமல் இருக்காது. உள்ளே கருப்புக் கவுனி, மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், தூயமல்லி என்று அரிசிப் பைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். விலை, பக்கத்து மளிகைக் கடைப் பொன்னியைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. சர்க்கரை இருப்பதாக மருத்துவர் சொல்லிவிட்டதால் வந்தவர், குழந்தைக்குச் சத்துமாவு தேடும் இளம் தாய், ஊரில் விளைந்ததைச் சாப்பிட்டு வளர்ந்த நினைப்பில் வரும் பெரியவர் என்று பலரும் வருகிறார்கள். கடைக்காரரிடம் அவர்கள் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விகள்: 'இது நிஜமாவே ஆர்கானிக்தானா?', 'மரபணு மாத்தினது இல்லையே?'

ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் இதே சாலையோரம் குடியிருந்தவர்களுக்கு இந்தக் கேள்விகள் தோன்ற வழியில்லை. எந்த ஏரித் தண்ணீர் எந்த வயலில் பாய்ந்தது, யார் நட்டார்கள், என்ன எரு போட்டார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தே வளர்ந்தவர்கள் அவர்கள். இன்று தட்டில் விழும் சோறு எந்த மாவட்டத்தில் விளைந்தது என்பதே நமக்குத் தெரியாது.

இயற்கை வேளாண்மையா, மரபணு மாற்றமா என்ற வாக்குவாதம் தமிழ்நாட்டில் கால் நூற்றாண்டாக நடக்கிறது. அதில் இரண்டு பக்கத்துக் கவலைகளும் உண்மையானவை. ஆனால் நம் உணவில் நடந்த பெரிய மாற்றம், உண்பவருக்கும் விளைவிப்பவருக்கும் நடுவே விழுந்த தூரம். அந்தத் தூரம் கூடக் கூடத்தான் விதையைப் பற்றிய பயமும் கூடியது. தென்சென்னைப் புறநகரின் கதையைச் சொன்னால் இது விளங்கும்.

ஏரியும் வயலும்

பழைய செங்கல்பட்டு மாவட்டம் ஏரிகளை நம்பி வாழ்ந்த நாடு. மழைநீரை ஒன்றன் கீழ் ஒன்றாக ஏரிகளில் பிடித்து வைத்தே பயிர் செய்தார்கள். சிட்லபாக்கம் நிரம்பினால் செம்பாக்கத்துக்கு, அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு என்று தண்ணீர் இறங்கிப் போகும். ஒவ்வோர் ஏரிக்கும் மதகு, கலங்கல், ஆயக்கட்டு உண்டு. மடை திறந்து தண்ணீரைப் பங்கிட நீர்க்கட்டி இருந்தார். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று போகங்களுக்குப் பெயர்கள் இருந்தன. ஆட்டுக்கிடை, மாட்டு எரு, குளத்து வண்டல், வேப்பிலை, ஆவாரந்தழை ஆகியவையே உரம். 'இயற்கை விவசாயம்' என்று அதற்குத் தனிப் பெயர் வைக்கத் தேவை இருக்கவில்லை. விவசாயம் என்றாலே அதுதான்.

1767 முதல் 1774 வரை, கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் இந்தப் பகுதியின் சுமார் 2,000 ஊர்களைக் கணக்கெடுத்தார். ஒவ்வோர் ஊரிலும் எவ்வளவு நிலம், எத்தனை ஏரி, எத்தனை வீடு, விளைச்சலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற விவரங்கள் அதில் உண்டு. காந்திய ஆய்வாளர் தரம்பால் இந்த ஆவணங்களைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தார். களத்துமேட்டில் நெல்லை அளக்கும்போதே கோயிலுக்கு, கொல்லருக்கு, தச்சருக்கு, ஏரிப் பராமரிப்புக்கு என்று பங்கு பிரித்து வைத்த ஓர் ஏற்பாட்டை அவை காட்டுகின்றன. ஏரிக்கும் நெல்லில் பங்கு உண்டு என்று கணக்கு வைத்த சமூகம் இது என்பதை இன்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. சேற்றில் இறங்கி நட்டவர்களில் பெரும்பாலோருக்கு அந்த நிலத்தில் உரிமை இல்லை. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமன்ஹீர், இந்த மாவட்டத்துப் பட்டியல் சாதி மக்கள் பட்ட பாட்டை 1891இல் அரசுக்கு அறிக்கையாக எழுதினார். அதன் தொடர்ச்சியாகத்தான் 1892இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் அறிவது அதுவே. வயலில் நஞ்சில்லாத நெல் விளைந்தது. அதை விளைவித்தவரின் பானைக்கு அது போதுமான அளவு போய்ச் சேரவில்லை. பழைய உணவு முறையைப் போற்றுகிறவர்கள் இந்தப் பாதியை மறைத்துவிட்டுப் பேசக்கூடாது.

பற்றாக்குறை வந்த நாட்கள்

1960களின் நடுவில் நாடு முழுக்க உணவுப் பஞ்சம் தலைதூக்கியது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த கோதுமையை நம்பி இருந்தோம். தமிழ்நாட்டில் அரிசித் தட்டுப்பாடு ஆட்சியையே மாற்றியது. 1967 தேர்தலில் 'ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்ற முழக்கத்தோடு தி.மு.க. வென்றது. அன்று வாக்களித்தவர்களுக்கு அரிசி கிடைக்குமா என்பதே கேள்வி. அது எப்படி விளைந்தது என்று கேட்கும் நிலையில் யாரும் இல்லை.

அந்த நேரத்தில்தான் பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஐ.ஆர்.8 வந்தது. மத்திய வேளாண் அமைச்சர் சி. சுப்பிரமணியமும் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதனும் புதிய விதைகளை நாடெங்கும் கொண்டுபோனார்கள். குட்டைப் பயிர், குறைந்த நாள், உரம் போட்டால் சாயாமல் நின்று கதிர் தள்ளும். விளைச்சலைக் கண்டு பூரித்த தமிழ்நாட்டு விவசாயி ஒருவர் தன் மகனுக்கு 'ஐ.ஆர்.எட்டு' என்றே பெயர் வைத்தார். அந்த மகிழ்ச்சியைக் குறைத்துப் பேச நமக்கு உரிமை இல்லை, ஏனென்றால் அது பசித்தவனின் மகிழ்ச்சி.

விலையும் கொடுத்தோம். யூரியா வந்தது, பூச்சிமருந்து வந்தது, கிணறுகளில் மோட்டார் வந்தது. நீண்ட நாள் பயிர்கள் வழக்கொழிந்தன. ஆள் உயரத்துக்கும் மேல் வளர்ந்து 180 நாள் நிற்கும் காட்டுயானத்தை யார் பயிரிடுவார்கள்? இதன் ஆபத்தை முதலில் எச்சரித்தவர்களில் சுவாமிநாதனும் ஒருவர். 1968 ஜனவரியில் வாராணசியில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டிலேயே, மண்வளத்தைக் காக்காமல் தீவிரச் சாகுபடி செய்தால் நிலம் பாலையாகும் என்றும், உள்ளூர் ரகங்களை அகற்றிவிட்டு ஒன்றிரண்டு ரகங்களை மட்டும் பரப்பினால் நோய் வந்து பயிர் முழுவதும் அழியக்கூடும் என்றும் அவர் சொன்னார். பசுமைப் புரட்சி தொடங்கிய உடனேயே வந்த எச்சரிக்கை அது. விதையை ஏற்றுக்கொண்ட நாடு எச்சரிக்கையைத் தள்ளிவைத்தது.

கிச்சிலி முதல் கமலா வரை

தாம்பரத்து வீடுகளில் இன்று பொங்கும் அரிசியின் வம்சாவளியைப் பார்த்தால், 'இயற்கை' என்றும் 'செயற்கை' என்றும் போடும் கோடு அவ்வளவு நேரானதல்ல என்பது தெரியும்.

ஆர்கானிக் கடைகளில் கிச்சிலிச் சம்பாவுக்கு நல்ல கிராக்கி. ஆத்தூர் கிச்சிலிச் சம்பா, கோனாமணி என்றெல்லாம் வழங்கிய நெல்லிலிருந்து, தானாக நேர்ந்த மாற்றம் ஒன்றைக் கோயம்புத்தூரில் அரசுத் தாவரவியலாளர்கள் கண்டெடுத்து 1921இல் ஜி.ஈ.பி.24 என்ற ரகமாக வெளியிட்டார்கள். கிச்சிலிச் சம்பா என்ற பெயரிலேயே அதுவும் பரவியது. பின்னாளில் உலகின் பல நெல் ரகங்களுக்கு அது மூதாதை ஆனது.

அடுத்து மஹ்சூரி. தைவான் நெல்லையும் மலேசிய நெல்லையும் கலந்து மலேசியாவில் உருவானது. அதிலிருந்து தேர்ந்தெடுத்ததுதான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986இல் வெளியிட்ட வெள்ளைப் பொன்னி. 'பாட்டி காலத்துப் பொன்னி' என்று நாம் உரிமையோடு சொல்லும் அரிசிக்குக் கடல் கடந்த பெற்றோர். ஜி.ஈ.பி.24, தைவானின் குட்டை நெல், மஹ்சூரி மூன்றையும் கலந்து ஆந்திரத்தின் பாபட்லாவில் பிறந்தது பி.பி.டி.5204. சம்பா மஹ்சூரி என்பதும் அதுதான், தமிழ்நாட்டு மளிகைக் கடைகளில் ஆந்திரா பொன்னி, டீலக்ஸ் பொன்னி என்று விற்பதும் அதுதான்.

அதே சம்பா மஹ்சூரியின் ஒரு மரபணுவைத் திருத்தி உருவாக்கிய 'கமலா' என்ற டி.ஆர்.ஆர். தான் 100 ரகத்தை, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 2025 மே 4 அன்று டெல்லியில் அறிவித்தது. அதனுடன் பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1 என்ற இன்னொரு ரகமும் வந்தது. கமலா சுமார் 20 நாள் முன்னதாகவே அறுவடைக்கு வரும், விளைச்சலும் கூடும் என்று கழகம் சொல்கிறது. கிச்சிலியிலிருந்து கமலா வரை ஒரே குடும்பம், நூறாண்டுக்குச் சற்றே மேற்பட்ட பயணம்.

அப்படியானால் எல்லாம் ஒன்றுதானா? இல்லை. நெல்லோடு நெல்லைச் சேர்ப்பது இனக்கலப்பு. வேறோர் உயிரியின் மரபணுவை எடுத்துப் பயிருக்குள் வைப்பது மரபணு மாற்றம். பயிரின் சொந்த மரபணுவில் எழுத்துத் திருத்தம் செய்வது மரபணுத் திருத்தம். மூன்றும் வெவ்வேறு வேலைகள், வெவ்வேறு கேள்விகளைக் கேட்க வேண்டியவை. வெளி மரபணு இல்லாத திருத்த வகைகளுக்கு, மரபணு மாற்றுப் பயிர்களுக்கான கடுமையான சோதனை விதிகளிலிருந்து மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2022 மார்ச்சில் விலக்கு அளித்துவிட்டது. கமலா நாளை சேலையூர்க் கடைக்கு வந்தால் சாக்கில் அதற்கென்று தனி அடையாளம் எதுவும் இருக்காது. பொன்னி என்ற பெயரில் மூட்டையில் கலந்தாலும் வாங்குபவருக்குத் தெரியாது. விஞ்ஞானத்தைக் கண்டு நான் அஞ்சவில்லை. சொல்லாமல் தட்டில் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கத்தரிக்காய்ப் போராட்டம்

பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தையிலும், மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலை மார்க்கெட்டிலும் கத்தரிக்காய் இல்லாத நாள் கிடையாது. அந்தக் கத்தரிக்காயை வைத்துத்தான் இந்த நாடு மரபணு மாற்று உணவைப் பற்றி முதன்முறையாக வாய் திறந்து பேசியது.

மண்ணில் வாழும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் (பி.டி.) என்ற பாக்டீரியாவின் மரபணுவைக் கத்தரிக்குள் செலுத்தினால், தண்டையும் காயையும் துளைக்கும் புழு அதைத் தின்ற சில நாளில் செத்துவிடும். மகிகோ நிறுவனத்தோடு கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இந்த ஆராய்ச்சியில் பங்கெடுத்தது. நம் ஊர்க் கத்தரி ரகங்களிலேயே அந்த மரபணுவைச் சேர்த்தார்கள். 2009 அக்டோபர் 14 அன்று மத்திய ஒப்புதல் குழு பச்சைக்கொடி காட்டியது. எதிர்ப்பு கிளம்பியது. தமிழ்நாட்டில் இயற்கை வேளாண்மையை முன்னெடுத்த நம்மாழ்வாரும் இயற்கை விவசாயிகளும் நுகர்வோர் அமைப்புகளும் தெருவுக்கு வந்தார்கள். அப்போதைய மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் பொதுமக்களைக் கேட்டுவிட்டு, 2010 பிப்ரவரி 9 அன்று காலவரையற்ற தடை விதித்தார். விஞ்ஞானிகளிடையே ஒத்த கருத்து இல்லை, சுதந்திரமான நீண்டகாலச் சோதனை இல்லை, மாநிலங்கள் ஏற்கவில்லை என்பவை அவர் சொன்ன காரணங்களில் சில. ஆயிரக்கணக்கான கத்தரி ரகங்கள் உள்ள நாட்டில் அந்தப் பன்மையைப் பணயம் வைக்கலாமா என்ற கேள்வியும் அதில் இருந்தது. நம் பக்கத்து வேலூர் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததை இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

அந்தத் தடையை நான் சரி என்றே நினைக்கிறேன். மக்களைக் கேட்டு எடுத்த முடிவு அது. ஆனால் அதற்குப் பிறகு நடக்க வேண்டியது நடக்கவில்லை. புழு போகவில்லை, மருந்தடிப்பும் போகவில்லை. இன்று சண்முகம் சாலையில் நாம் வாங்கும் கத்தரிக்காயில் பாக்டீரியா மரபணு பெரும்பாலும் இல்லை என்று சொல்லலாம். அதில் மருந்து எச்சம் இல்லை என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. 2013இல் பி.டி. கத்தரியை அனுமதித்த வங்கதேசத்தில் மருந்துச் செலவு குறைந்ததாகக் கள ஆய்வுகள் சொல்கின்றன. தடையைக் கொண்டாடிய நாம், மருந்தில்லாத கத்தரிக்காயை எல்லோருக்கும் எட்டும்படி செய்யவும் அதே வேகத்தில் போராடியிருக்க வேண்டும். இனக்கவர்ச்சிப் பொறி, பயிர்ச் சுழற்சி, வேப்பெண்ணெய் எல்லாம் விவசாயி அறிந்தவைதான். அவற்றைப் பின்பற்றும் விவசாயிக்குச் சந்தையில் கூடுதலாக ஒரு ரூபாயும் கிடைக்காத வரை அவர் ஏன் மாறுவார்?

'நாங்கள் மரபணு மாற்று உணவே சாப்பிடுவதில்லை' என்று நம்புகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2002 மார்ச்சில் பி.டி. பருத்தி அனுமதி பெற்றது. பருத்தி விதையிலிருந்து வரும் எண்ணெய் உணவுத் தொழிலில் பயன்படுகிறது. வெளிநாட்டிலிருந்து வரும் சோயா எண்ணெயில் பெரும்பங்கு மரபணு மாற்றுச் சோயா விளையும் அர்ஜென்டினாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் வருகிறது. டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 2018இல் கடைகளில் வாங்கிச் சோதித்த 65 உணவுப் பொருள்களில் 21இல் மரபணு மாற்றத்தின் தடயம் இருந்தது. அப்படிப்பட்ட பொட்டலத்தின் மேல் 'ஜி.எம்.' என்று அச்சிட வேண்டும் என்ற விதி 2013 ஜனவரி 1 முதலே இருக்கிறது. அந்த எழுத்தைத் தாம்பரத்துக் கடையில் பார்த்தவர் யாரையும் நான் சந்தித்ததில்லை.

தரமணியும் வானகமும்

இந்த வாதத்தின் இரண்டு பெரிய மனிதர்களும் பழைய தஞ்சை மாவட்டத்துக்காரர்கள். சுவாமிநாதன் கும்பகோணத்தில் பிறந்தவர். நம்மாழ்வார் இளங்காட்டுக்காரர்.

சுவாமிநாதன் 1988இல் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம் நம் தரமணியில்தான் இருக்கிறது. கடல்நீர் ஏறும் நிலத்திலும் விளையும் நெல்லுக்காக, அலையாத்தி மரத்தின் மரபணுவை நெல்லில் சேர்க்கும் ஆராய்ச்சி அங்கே நடந்தது. பழங்குடி மக்களின் பாரம்பரிய விதைகளைக் காக்கும் வேலையும் அதே நிறுவனத்தில் நடந்தது. கோவில்பட்டி அரசு ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்த்த நம்மாழ்வார், அந்த வழி சிறு விவசாயிக்கு உதவாது என்று வெளியேறி, ஊர் ஊராக நடந்து கடைசியில் கரூர் மாவட்டத்தில் வானகம் என்ற இயற்கை வேளாண் பண்ணையை உருவாக்கினார். அவரைப் பின்பற்றி வந்த நெல் ஜெயராமன் 170க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்தார். உப்பு நிலத்தைத் தாங்கும் குழியடிச்சான் போன்ற நெல்களும் உழவர் கையில் மீண்டும் புழங்கத் தொடங்கின. ஆய்வகம் தேடிய குணம் பழைய விதைக் கோட்டைகளிலும் இருந்தது.

நம்மாழ்வார் 2013 டிசம்பர் 30 அன்றும், ஜெயராமன் 2018 டிசம்பரிலும், சுவாமிநாதன் 2023 செப்டம்பர் 28 அன்றும் மறைந்தார்கள். சுவாமிநாதன் தம் இறுதிக் காலத்தில், 2018இல், பி.சி. கேசவனோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில் பி.டி. பருத்தி சிறு விவசாயிகளுக்குத் தோல்வியாக முடிந்தது என்று சொன்னார். அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகரே அதை மறுத்தார். பசுமைப் புரட்சியின் முகமாக இருந்தவர் தொண்ணூற்று மூன்று வயதிலும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார் என்பதே அதில் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தமிழ்நாடு அரசும் மெல்ல இயற்கை வேளாண்மையின் பக்கம் திரும்பியது. 2021இன் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் நெல் ஜெயராமன் பெயரில் பாரம்பரிய நெல் பாதுகாப்பு இயக்கம் வந்தது. 2023 மார்ச்சில் இயற்கை வேளாண்மைக் கொள்கை வெளியானது.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே இலங்கை இருக்கிறது. 2021இல் கோத்தபய அரசு ஒரே ஆணையில் ரசாயன உரத்தையும் பூச்சிமருந்தையும் தடை செய்தது. நெல் விளைச்சல் சரிந்து, வெளியிலிருந்து அரிசி வாங்க வேண்டி வந்தது. தேயிலையும் அடிபட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே தடையைத் தளர்த்தினார்கள். மண் ஆண்டுக்கணக்கில் கெட்டது, ஆண்டுக்கணக்கில்தான் தேறும். அதுவரை விவசாயியின் கையைப் பிடித்து நடக்க ஆள் வேண்டும்.

கடைக்காரரிடம் கேட்ட இரண்டு கேள்விகள்

முதல் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. 2017இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆர்கானிக் உணவுக்கான ஒழுங்குமுறைகளைக் கொண்டுவந்தது. ஆர்கானிக் என்று சொல்லி விற்கும் பொட்டலத்தில் மத்திய அரசின் சான்று முறை ஒன்றின் அடையாளமும் 'ஜைவிக் பாரத்' முத்திரையும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறையும் இந்தச் சான்றைத் தருகிறது. ஆண்டுப் பயிர் நிலம் சான்று பெற இரண்டு ஆண்டு மாற்றக்காலம் வேண்டும். நேரடியாக நுகர்வோருக்கு விற்கும் சிறு விவசாயிக்கு மட்டும் இந்த முத்திரை கட்டாயமில்லை. இரண்டாவது கேள்விக்கும் இங்கேயே பாதி பதில் இருக்கிறது: இந்தச் சான்று விதிகளின்படி மரபணு மாற்று விதை ஆர்கானிக் நிலத்தில் நுழையக் கூடாது.

அறிவியல் இதுவரை என்ன சொல்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அமெரிக்க தேசிய அறிவியல் அகாதமி 2016இல் வெளியிட்ட பெரிய அறிக்கை, சந்தையில் உள்ள மரபணு மாற்று உணவுகள் மற்றவற்றைவிட உடலுக்குக் கூடுதல் கேடு தந்ததற்குச் சான்று காணவில்லை என்றது. ஆர்கானிக் உணவில் மருந்து எச்சம் குறைவு, சத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்பது 2012இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் கண்டது. ஆகவே மரபணு மாற்று உணவைத் தின்றால் உடனே நோய் வரும் என்று பயமுறுத்தி அரிசி விற்பதும் தவறு, ஆர்கானிக் சாப்பிட்டால் சர்க்கரை பறந்துவிடும் என்று சொல்வதும் தவறு. மருந்தைத் தெளிக்கும் கூலித் தொழிலாளியின் நுரையீரல், மண்ணின் உயிர், விதையின் உரிமை யார் கையில் என்பது ஆகிய காரணங்களே இயற்கை வேளாண்மையைத் தேர்ந்தெடுக்கப் போதும். அவை பொய்யின் துணை தேவைப்படாத வலுவான காரணங்கள்.

இன்னொன்று. இந்த விவாதம் முழுவதும் இரண்டு மடங்கு விலை கொடுக்க முடிந்தவர்களுக்குள்ளேயே நடக்கிறது. நாகல்கேணியிலும் அனகாபுத்தூரிலும் ரேஷன் அரிசி வாங்கும் வீடுகளில் யாரும் இந்தத் தேர்வைக் கேட்டு வரவில்லை. ரேஷனில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்த செறிவூட்டிய மணிகளை நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் கலந்து தந்தார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் அந்த மணி என்ன என்று தெரியாமல் 'பிளாஸ்டிக் அரிசி' என்று பொறுக்கி எறிந்த தாய்மார்கள் உண்டு. யாரும் அவர்களிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளும் உரிமை ஏழைக்கும் அதே அளவு உண்டு.

மண் இல்லாமல் என்ன இயற்கை?

2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி ஆனது. ஆயக்கட்டுகள் மனைகளாகி முடிந்த கதையின் கடைசி முத்திரை அது. குரோம்பேட்டைக்குப் பெயர் தந்த தோல் தொழிலின் கழிவு, நாகல்கேணிப் பக்கம் நிலத்தடி நீரில் குரோமியத்தைக் கலந்தது. ஏரிகளில் சாக்கடை இறங்கியது. 2015 மழையில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது, தண்ணீர் தன் பழைய பாதையைத் தேடி வந்ததை எல்லோரும் பார்த்தோம். ஏரி நீர் கெட்ட இடத்தில் எந்தச் சான்றிதழும் கீரையைச் சுத்தமாக்காது. ஆகவே ஏரி மீட்பும் உணவுப் போராட்டம்தான்.

நம்பிக்கை தரும் அறிகுறிகளும் உண்டு. குடியிருப்போர் விடாமல் குரல் கொடுத்ததால் சிட்லபாக்கம் ஏரி மீட்கப்பட்டது. செம்பாக்கம் ஏரியிலும் சீரமைப்பு நடந்தது. பள்ளிக்கரணை 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது. அரசு மானியத்தில் தந்த பைகளில் தொடங்கிய மாடித்தோட்டங்களில் கத்தரியும் வெண்டையும் காய்க்கின்றன. ஒரு குடும்பத்தின் தேவையை அவை தீர்க்காது. ஆனால் ஒரு காய் காய்க்க எவ்வளவு பாடு என்பதை நகரத்துப் பிள்ளைக்குக் காட்டும். விவசாயி கேட்கும் விலையில் உள்ள நியாயத்தை அந்தப் பிள்ளை புரிந்துகொள்ளும்.

இனி நாம் செய்யக் கூடியவை கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. ஒரு மணி நேரப் பயணத்தில் மதுராந்தகம் பகுதியில் இன்றும் நெல் விளைகிறது. ஏரியை மீட்க ஒன்று சேர்ந்த குடியிருப்போர் நலச்சங்கங்கள், அந்த விவசாயிகளோடு போகத்துக்குப் போகம் முன்கூட்டியே விலை பேசி நெல் வாங்கலாம். நடவுக்கும் அறுவடைக்கும் பிள்ளைகளை அழைத்துப் போகலாம். சந்தேகம் வரும் பொருளைச் சோதிக்க, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆவது பிரிவு வாங்குபவருக்கே உரிமை தருகிறது. கட்டணம் கட்டினால் உணவுப் பகுப்பாய்வாளர் சோதித்து அறிக்கை தர வேண்டும். அந்த வசதி கிண்டி கிங் நிலையத்தில் இருக்கிறது. மாநகராட்சி தன் மார்க்கெட்டுகளில் மாதம் ஒரு முறை காய்கறி மாதிரி எடுத்து, முடிவை வாசலில் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்று வார்டு கூட்டங்களில் கேட்கலாம். மரபணு திருத்திய நெல் சந்தைக்கு வரும்போது சாக்கில் அதைச் சொல்ல வேண்டும் என்று நம் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதலாம். பள்ளியின் காலை உணவிலும் அங்கன்வாடியிலும் வாரத்தில் ஒரு நாளாவது பாரம்பரிய அரிசியைச் சேர்க்கக் கோரலாம். அப்போது நல்ல அரிசி காசுள்ளவரின் பண்டமாக நின்றுவிடாது. விவசாயிக்கும் நிலையான கொள்முதல் கிடைக்கும்.

விதை மாறிக்கொண்டேதான் இருக்கும். எந்த மாற்றம் நம் தட்டுக்கு வரலாம் என்பதைக் கம்பெனியும் கமிட்டியும் மட்டும் முடிவு செய்த காலம் 2010 பிப்ரவரியிலேயே முடிந்திருக்க வேண்டும். அன்று ஏழு நகரங்களில் கேட்டார்கள், சென்னையில் கேட்கவில்லை. அடுத்த முறை இங்கேயும் கேட்க வேண்டும். கேட்கும் நாளில், விவரம் தெரிந்து பேசுகிறவர்களாகத் தாம்பரத்து மக்கள் அந்த அரங்கில் உட்கார்ந்திருக்க வேண்டும்.